உறங்க மறுக்கும் குழந்தையும் ஓய்வில்லாத் தறியும்

நெசவாளர் தெருக்களில் இரவு 8 மணிக்கு மேல் நடந்து செல்வோர் காதில் இரண்டு ஓசைகள் மாறி மாறி விழும். ஒன்று தறியின் ஓசை. மற்றொன்று உறங்க மறுத்து அழும் குழந்தையின் ஓசை. முதல் ஓசைக்குக் கூலி உண்டு. இரண்டாவது ஓசை அந்தக் கூலியில் பற்று எழுதுவது. சங்கங்களின் கணக்கைப் பார்வையிடச் சென்று பல ஊர்களில் இரவு தங்க நேரும் நாம், இவ்விரண்டையும் நன்கு கேட்டிருக்கிறோம்.

நூல் விலை, கூலி, தள்ளுபடி, வட்டி மானியம் என்று எழுத எத்தனையோ விஷயங்கள் இருக்க, கூட்டுறவு இதழில் குழந்தையை உறங்க வைக்கும் பேச்சு எதற்கு என்று அங்கத்தினர்களில் சிலர் வினவலாம். 2019-20-ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் கைத்தறித் தொழிலில் ஈடுபட்டோர் 35.22 லட்சம் பேர். அவர்களில் 100-க்கு 72 பேர் பெண்கள். பெரும்பாலும் தறி நிற்பது வீட்டுக்குள்ளேயே. தார் சுற்றுபவரும், இழை பிணைப்பவரும், குழந்தையை மடியில் போட்டுத் தட்டுபவரும் ஒருவரே. குழந்தை 8.30 மணிக்கு உறங்கினால் அவருக்கு மறுநாளைக்கு வேண்டிய தாரைச் சுற்றி வைக்க ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். 10.30 மணிக்கு உறங்கினால் தாரும் இல்லை, ஓய்வும் இல்லை. மறுநாள் கண் எரிச்சலோடு தறியில் அமர்ந்து, இழை அறுந்ததைக் காணாமல் நெய்து, சங்கத்தில் சேலையை விரிக்கும்போது குறை கேட்க வேண்டியதுதான். விவசாய அங்கத்தினர் வீட்டு நிலையும் இதற்கு வேறன்று. மும்முனை மின்சாரம் இரவில் வரும் பகுதிகளில் குடும்பத் தலைவர் டார்ச் விளக்குடன் மடை மாற்றப் புறப்படும் நேரமும், குழந்தை பாயில் புரளும் நேரமும் ஒன்றாகவே அமைகின்றன.

ஆகவே இதுவும் நமது வரவு செலவைச் சேர்ந்த விஷயந்தான்.

முதலில் குழந்தைக்கு எவ்வளவு உறக்கம் வேண்டும் என்பதைப் பார்ப்போம். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 1 முதல் 2 வயது வரை நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3 முதல் 4 வயது வரை 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் வேண்டும் எனக் கூறப்பட்டுள்ளது. பகலுறக்கமும் இதில் அடக்கம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. வழக்கின் வேர் பல வீடுகளில் இங்கேதான் இருக்கிறது.

3 வயதுக் குழந்தை ஒன்று அங்கன்வாடியில் பகல் 1 மணி முதல் 3 மணி வரை உறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் உடலுக்கு மொத்தம் 11 மணி நேர உறக்கம் தேவை என்றால் இரவுக்கு மீதி 9 மணி நேரமே. காலை 6 மணிக்கு எழும் குழந்தை இரவு 9 மணிக்கு உறங்கினால் கணக்கு நேராகிவிடும். ஆனால் தாயோ, தறி வேலை மிச்சம் இருக்கிறதே என்று 7.30 மணிக்கே பாயை விரித்துவிடுகிறார். பிறகு ஒன்றரை மணி நேரம் போராட்டம் நடக்கிறது. இதில் குழந்தையின் குற்றம் யாதுமில்லை, கணக்கின் குற்றமே. இதற்கு மாறாக, இரவு 11 மணிக்கு உறங்கி 6.30 மணிக்கு எழுப்பப்பட்டு, பகலில் 1 மணி நேரம் மட்டும் கண்ணயரும் குழந்தைக்கு எட்டரை மணி நேரமே கிடைக்கிறது. இதுவோ தெளிவான பற்றாக்குறை. இன்னொன்றும் அறிய வேண்டும். பெரியவர்கள் களைத்தால் சோர்ந்து உட்காருவார்கள். சிறு குழந்தை களைத்தால் ஓடும், எறியும், காரணமின்றிச் சிணுங்கும். 'இன்னும் கொஞ்சம் ஆடட்டும், களைத்துத் தானே விழும்' என்ற யோசனை இதனால்தான் பயன் தருவதில்லை.

எனவே வேறு எதுவும் செய்வதற்கு முன், பழைய பாஸ் புத்தகம் போல் ஒரு சிறு குறிப்பேட்டில் 7 நாட்களுக்கு மூன்று விவரங்களை எழுதி வருதல் நன்று. காலையில் எழுந்த நேரம், பகலில் உறங்கிய நேரம், இரவில் உண்மையாகக் கண் மூடிய நேரம் ஆகியவை அவை. பாயில் போட்ட நேரத்தை எழுத வேண்டுவதில்லை. அது பெற்றோரின் விருப்பத்தைக் காட்டுமேயன்றிக் குழந்தையின் உறக்கத்தைக் காட்டாது. எதற்கெடுத்தாலும் பேரேடு கேட்பது எங்கள் தொழிலின் பழக்கம் என்று அங்கத்தினர்கள் நகைக்கலாம். ஆயினும் ஏழு நாள் எழுதிய வீட்டில் பாதிச் சண்டை எட்டாம் நாள் தானாகவே குறைந்துவிடுகிறது. பகலுறக்கம் நான்கு மணி, ஐந்து மணி வரை நீள்வது தெரிந்தால் அங்கன்வாடிப் பணியாளரிடமோ, வீட்டுப் பெரியவரிடமோ சொல்லி 3 மணிக்குள் எழுப்பிவிடலாம்.

அடுத்து விளக்கு. 1958-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக் கழகத்தில் ஆரன் லெர்னர் என்ற டாக்டரும் அவர் குழுவினரும், மாட்டு மூளையின் பினியல் சுரப்பியிலிருந்து மெலடோனின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். இருட்டத் தொடங்கியதும் நம் உடலில் ஊறி, இரவு வந்துவிட்டது என்று உறுப்புகளுக்கெல்லாம் அறிவிக்கும் பொருள் இதுவே. கண்ணில் ஒளி பட்டால் ஊறுவது நின்றுவிடும். சிறு குழந்தைகளின் கண்மணி அகன்றது. உள்ளிருக்கும் வில்லையும் தெளிவானது. ஆதலால் பெரியவர் கண்ணுக்குள் செல்வதைவிட அதிக ஒளி அவர்கள் கண்ணுக்குள் செல்கிறது. 2018-இல் கொலராடோ பல்கலைக் கழகத்தார் 3 முதல் 5 வயது வரையுள்ள 10 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினர். உறங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் விளையாட விட்டதில், மெலடோனின் அளவு 100-க்கு ஏறக்குறைய 88 பங்கு குறைந்துவிட்டது. விளக்கை அணைத்து 50 நிமிடம் கழிந்த பின்னும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பழைய நிலைக்கு வரவில்லை.

அந்தச் சோதனையில் வைத்த விளக்கு நம் வீட்டுக் கூடத்து விளக்கைவிட மிகக் கூர்மையானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தறி வீட்டின் நிலை சற்று வேறு. மெல்லிய இழையைக் காண்பதற்காகத் தறிக்கு நேர்மேலே வெள்ளை விளக்கு தொங்குகிறது. அதற்கு நான்கு முழம் தள்ளிக் குழந்தையின் பாய். தறி விளக்குக்குத் தகட்டாலோ அட்டையாலோ ஒரு மூடாக்கு இட்டு, ஒளி பாவின் மேல் மட்டும் விழச் செய்யலாம். நடுவே அடர்ந்த துணி ஒன்றைத் திரையாகக் கட்டலாம். துணிக்கு நம் வீடுகளில் பஞ்சமில்லை. குழந்தை உறங்க வேண்டிய நேரத்திற்கு ஒரு மணி முன்பே படுக்கைப் பக்கத்து வெள்ளை விளக்கை அணைத்து, மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்றை மட்டும் எரிய விடுதல் போதும். பகலில் இதற்கு எதிர்மாறாகக் குழந்தை வெயிலும் வெளிச்சமும் படும்படி வெளியே விளையாட வேண்டும்.

கைப்பேசியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டதால் நாம் சுருக்கமாகவே எழுதுகிறோம். அதன் ஒளி தறி விளக்கைவிடச் சிறிதுதான். ஒளியைவிட அதில் ஓடும் படமே குழந்தையை விழிக்க வைக்கிறது. ஒரு படம் முடியுமுன் அடுத்தது தானே தொடங்குவதால், 'இது முடிந்ததும் உறங்கு' என்று சொல்ல முடிவு என்று ஒன்று அதில் இல்லை. மேற்சொன்ன உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டி, 1 வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்திற்கு மேற்படக் கூடாது என்றும் கூறுகிறது. அந்த ஒரு மணியும் மாலை விளக்கு வைப்பதற்குள் தீர்ந்துவிடுதல் நலம்.

உறக்கம் வருவதற்குச் சற்று முன்னுள்ள நேரத்தில் உடல் சோர்வதற்குப் பதிலாக விழிப்பின் உச்சியில் நிற்கிறது என்பது விந்தையான உண்மை. இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர் பெரட்ஸ் லாவி 1986-இல் பெரியவர்களிடம் இதை விரிவாக ஆராய்ந்து, 'உறக்கம் விலக்கப்பட்ட நேரம்' என்று பெயரிட்டார். குழந்தையின் உடற் கடிகாரத்தில் உறக்கம் 9.30 என்று பதிந்திருக்கையில் 8 மணிக்குப் பாயில் போட்டால், சரியாக இந்த விலக்கப்பட்ட நேரத்தில்தான் போடுகிறோம். அப்பொழுது தட்டுவதாலும் அதட்டுவதாலும் கண் மூடாது. மேலும், பாய் என்றாலே அழும் இடம் என்று குழந்தை மனத்தில் பதித்துக்கொள்ளும்.

இதற்குக் கண்ட வழி எளியது. குறிப்பேட்டில் உறக்கம் வந்த நேரம் 10 மணி என்று இருந்தால், மூன்று நாள் 10 மணிக்கே பாயில் போட வேண்டும். அதுவரை மங்கிய விளக்கில் அமைதியாக விளையாடட்டும். பாயில் போட்ட கால் மணிக்குள் உறங்கிவிடும். பாயைக் குறித்த கசப்பும் நீங்கும். நான்காம் நாள் 9.45. மேலும் மூன்று நாள் சென்று 9.30. இவ்வாறு 15 நிமிடமாகக் குறைத்து வந்தால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் 9 மணியை எட்டலாம். ஆனால் காலையில் எழும் நேரம் ஒரு நாளும் மாறலாகாது. இரவு தாமதமாயிற்றே என்று காலையில் 8 மணி வரை உறங்க விட்டால் முதலுக்கே மோசம். தவணையைத் தள்ளிப் போட்டால் வட்டி ஏறுவதைப் போல, அந்த இரண்டு மணி நேரம் மறுநாள் இரவில் வந்து நிற்கும்.

கணக்கும் விளக்கும் சரியாக இருந்தும் போராட்டம் தீராத வீடுகள் உண்டு. சேலம் பக்கத்து ஊர் ஒன்றில் நாம் கண்ட வீடு அத்தகையது. கணவரும் மனைவியும் இரண்டு தறிகளில் நெய்கிறார்கள். மூன்றரை வயதுப் பையன். பாயில் போட்டவுடன் தண்ணீர் கேட்பான். பிறகு சிறுநீர். பிறகு வயிற்று வலி. பிறகு எழுந்து ஓடித் தகப்பனின் தறிக் குழி ஓரத்தில் போய் நின்றுகொள்வான். பாட்டி, கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். தாய் இரண்டு அடி வைத்தார்; வைத்துவிட்டுத் தாமும் அழுதார். இப்படி நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் கழிந்தது. கணவர் தறியை விட்டு இறங்காததே குற்றம் என்று மனைவியும், பிள்ளையை அடக்கத் தெரியாததே குற்றம் என்று கணவரும் பேசிப் பேசி, பேச்சே நின்றுபோகும் நிலை வந்துவிட்டது. அந்த வீட்டுப் பெரியவர், சங்கத்தின் பழைய அங்கத்தினர், திண்ணையில் இருந்தபடி எங்களிடம் சொன்னார்: "பகலெல்லாம் தறிகிட்ட வராதேன்னு தொரத்தறோமுங்க. ராத்திரி ஆனா மட்டும் பக்கத்துல வந்து படுங்கறோம். அவன் கணக்குல இப்பத்தானுங்க பொழுது விடியுது."

எத்தனையோ நூல்களில் கிடைக்காத விளக்கம் அது. நாடா கண்ணில் பட்டுவிடும், பாவில் கை வைத்துவிடுவான் என்று பகல் முழுவதும் விலக்கி வைக்கப்படும் குழந்தைக்கு, தாயும் தகப்பனும் கைக்கு எட்டும் நேரம் இரவு ஒன்றே. உறங்கிவிட்டால் அதுவும் போய்விடும். தான் கண் மூடியதும் தாய் எழுந்து தாரிடம் போய்விடுவாள் என்பதும் அதற்குத் தெரியும். தண்ணீரும் வயிற்று வலியும் அது எழுதும் மனுக்கள், கோரிக்கை வேறு.

அக்குடும்பத்தார் தாமே ஒரு ஏற்பாடு செய்துகொண்டனர். இரவு 8.15 மணிக்கு இரண்டு தறிகளும் நிற்கும். தகப்பன் 20 நிமிடம் பையனோடு மட்டும் இருப்பார். கைப்பேசி இல்லை, வந்தவரோடு பேச்சு இல்லை. பிறகு வெந்நீரில் கைகால் கழுவி, உடை மாற்றி, பாயில் ஒரே ஒரு கதை, பின்பு பாட்டியின் தாலாட்டு. இந்த வரிசை மாறுவதில்லை. அடுத்த முறை, ஏறத்தாழ ஒரு மாதம் சென்று, நாம் அங்கே தங்கியபோது பையன் 9.10-க்கு உறங்கினான். வாரத்தில் இரண்டு நாள் இன்னும் மல்லுக்கு நிற்கிறான் என்றார் தாய். தறிக்கு 20 நிமிடம் நட்டம், ஒரு மணி நேரத்திற்கு மேல் லாபம் என்பது தகப்பனாரின் கணக்கு.

வரிசை மாறாத ஒழுங்கு உறக்கத்தைத் தரும் என்பது ஆராய்ச்சியிலும் கண்டதே. 2009-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 7 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளின் தாய்மார் 405 பேர் கலந்துகொண்டனர். குளியல், உடலைத் தடவிக் கொடுத்தல், அமைதியான பேச்சோ பாட்டோ, விளக்கணைப்பு என்ற வரிசையை இரண்டு வாரம் கைக்கொண்டவர்களின் குழந்தைகள் விரைவில் உறங்கினர். இரவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மாரின் மனச் சோர்வும் தணிந்தது. அந்த ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தது குழந்தைகளுக்கான சோப்பும் எண்ணெயும் விற்கும் ஒரு நிறுவனம். யார் கொடுத்த பணம் என்று பார்ப்பதும் எங்கள் தொழிலின் பழக்கமே. ஆதலால் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு சோப்பைக் கடையிலேயே விட்டுவிடலாம். கை பொறுக்கும் வெந்நீரும், வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெயும் போதும்.

தாலாட்டைப் பற்றி நமக்குப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. தால் என்பது நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு ஆயிற்று என்பர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் மூன்றாவது தாலப் பருவம். பாட்டு புதியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. குரல் இனியதாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை. தினமும் அதே பாட்டு என்பதுதான் அதன் சக்தி. சில வீடுகளில் கைப்பேசியில் தாலாட்டை ஓட விட்டுத் தாய் தார் சுற்றப் போய்விடுகிறார். குழந்தைக்கு வேண்டியது பாட்டன்று, பாடுகிறவர் என்பது அடுத்த நிமிடமே தெரிந்துவிடுகிறது.

அதே பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் பாடும் புலவர்கள், நிலாவைக் குழந்தையோடு விளையாட வருமாறு சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கு உபாயங்களாலும் அழைப்பார்கள். நம் வீடுகளில் உறக்கத்தை அழைப்பதற்கும் இந்த நான்கையுமே கையாள்கிறோம். ஆனால் பெரும்பாலும் தண்டத்திலிருந்து தொடங்குகிறோம். பூச்சாண்டி வருவான், போலீஸ்காரர் பிடித்துப் போவார், டாக்டர் ஊசி போடுவார் என்று சொல்லும்போது குழந்தை கண்ணை மூடிக்கொள்வது உண்மையே. அது உறங்குவதற்காக மூடிய கண் அன்று. அச்சம் கொண்ட உடல் விழித்துக் காவல் இருக்கும். பின்னாளில் உண்மையாகவே ஊசி போட வேண்டி வரும்போது அந்த டாக்டரிடம் குழந்தையைத் தூக்கிச் செல்ல நான்கு பேர் வேண்டும். தானம் என்ற உபாயமும் ஆபத்தானது. எழுந்து அழும்போதெல்லாம் பிஸ்கட்டோ கைப்பேசியோ கிடைக்குமானால், எழுந்து அழுவதற்குக் கூலி நிர்ணயித்தவர்கள் நாமே ஆகிறோம். பேதத்தையோ குழந்தைதான் நம்மேல் கையாளுகிறது. தாய் மறுத்ததைப் பாட்டியிடம் கேட்கும். பாட்டி மறுத்ததைத் தகப்பனிடம் கேட்கும். ஆகவே பகலில், குழந்தை இல்லாத நேரத்தில், வீட்டுப் பெரியவர்கள் கூடி ஒரு முடிவு செய்துகொள்ள வேண்டும். நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றுவதைவிட இது கடினம் என்று நாம் அறிவோம். ஆயினும் ஒருமனதாக நிறைவேறாத தீர்மானம் இங்கே ஓர் இரவுகூடச் செல்லாது.

சாமத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1999-இல் அமெரிக்காவில் பாட்ரிக் ஃபிரிமன் என்ற மனநூல் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு முறையை வெளியிட்டனர். படுக்கப் போகும் குழந்தை கையில் ஓர் அட்டை தரப்படும். அதைக் கொடுத்து ஒரே ஒரு முறை எழுந்து வரலாம். தண்ணீர் கேட்கலாம், தாயைக் கட்டிக்கொள்ளலாம். அட்டை செலவானால் அன்றைக்கு முடிந்தது. முதலில் 3 வயதும் 10 வயதும் உள்ள இரு சிறுவர்களிடம் பார்த்தனர். பின்னர் 3 முதல் 6 வயது வரையுள்ள 19 குழந்தைகளிடம் பார்த்ததிலும் எழுந்து வருவதும் அழுவதும் குறைந்தன. எழுந்து வரும் உரிமை கையில் இருக்கிறது என்ற நிம்மதியே குழந்தையைப் படுக்க வைக்கிறது போலும். சில குழந்தைகள் அட்டையைச் செலவழிக்காமல் சேமித்தே வைத்துக்கொள்கின்றன. நெசவாளர் வீட்டில் அட்டைக்குப் பதிலாக வாயில் அடங்காத, கூர்மையில்லாத பழைய தார்க்கட்டை ஒன்றைக் கொடுக்கலாம். செலவழிக்காத கட்டையைக் காலையில் கொண்டு வந்தால் அன்றைய முதல் தாரைத் தாயின் மடியிலிருந்து சுற்ற விடலாம். 3 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஒப்பந்தம் புரியாது.

மேல்நாட்டு நூல்களைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குழந்தைக்குத் தனி அறை, தனிக் கட்டில் என்று அவை தொடங்கும். அழுதாலும் உள்ளே செல்லாதே என்று தொடரும். அம்முறைகளால் பலன் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2006-இல் 52 ஆராய்ச்சிகளை ஒருசேரப் பார்த்த மதிப்புரையில், இவையும் இவை போன்ற பழக்க முறைகளும் 100-க்கு 94 ஆராய்ச்சிகளில் பலன் தந்தன என்று கண்டனர். ஆனால் ஒரே கூடத்தில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் குழந்தையை அழ விட்டால் முதலில் எழுந்து வருபவர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். 2010-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில் இந்தியா உட்பட 17 நாடுகளின் 29,287 குழந்தைகளைக் கணக்கெடுத்தனர். நியூசிலாந்தில் சராசரியாக இரவு 7.27-க்குப் படுக்கிறார்கள், ஹாங்காங்கில் 10.17-க்கு. ஆசிய நாடுகளில் பெற்றோர் அறையிலேயே உறங்கும் குழந்தைகளே மிகுதி. எல்லா நாட்டுக்கும் ஒரே சட்டம் இல்லை என்பது இதனால் விளங்கும். நம் வீட்டுக்கு ஏற்றது, அருகில் இருந்து மெல்ல விலகுதல். சில நாள் முதுகைத் தட்டிக் கொடுத்தபடி இருப்பது. பின் சில நாள் தட்டாமல் கையை மட்டும் வைத்திருப்பது. பிறகு அதே கூடத்தில் சற்றுத் தள்ளி அமர்ந்திருப்பது.

இந்த விலகுதல் ஏன் வேண்டும் என்றால், சிறு குழந்தையின் உறக்கம் ஏறத்தாழ ஒரு மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அரை விழிப்பு வரும். கண் மூடும்போது என்ன இருந்ததோ அது அப்படியே இருக்கிறதா என்று உடல் தேடும். ஆட்டிக்கொண்டே உறங்க வைத்த குழந்தை நள்ளிரவிலும் ஆட்டத்தைத் தேடி அழும். பழம் பருத்திச் சேலையில் கட்டிய தூளியைவிடக் கைக்குழந்தைக்குச் சுகமான இடம் இல்லை என்று நெசவாளர் பெருமைப்படலாம். ஆனால் தானாக எழுந்து உட்காரக் கற்ற குழந்தையைத் தூளியில் தனியே விடலாகாது. ஊஞ்சலாக ஆடிய பெரிய பிள்ளைகளின் கழுத்திலும் சேலை முறுக்கிக்கொண்டு உயிர் போன செய்திகள் பத்திரிகைகளில் பலமுறை வந்துள்ளன.

உறங்கி இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் சில குழந்தைகள் திடீரென எழுந்து அலறும். கண் திறந்திருக்கும், தாயை அடையாளம் தெரியாது, சில நிமிடத்தில் அடங்கி மீண்டும் உறங்கிவிடும், காலையில் எதுவும் நினைவிராது. இது பேயுமன்று, கண்ணேறுமன்று. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பாதி மட்டும் விழிப்பதால் நேர்வது. வயது ஏற ஏறப் பெரும்பாலும் நின்றுவிடும். உலுக்கி எழுப்பாமல், அடிபடாதபடி பார்த்துக்கொண்டால் போதும். குழித்தறி உள்ள வீட்டில் இரவில் குழியைப் பலகையால் மூடி வைத்தல் அவசியம். நாடாவும் கத்தரியும் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும்.

உறக்கத்திற்காக இருமல் மருந்தோ, சளி மருந்தோ கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருப்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறோம். சளிக்குப் பரவலாகத் தரப்படும் குளோர்பெனிரமின், பெனிலெப்ரின் கலந்த மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரலாகாது என்று மருந்துச் சீட்டிலேயே அச்சிட வேண்டுமென 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி உத்தரவிட்டார். நோய்க்கே தரக் கூடாது என்பதை உறக்கத்திற்குத் தருவது எவ்வகையிலும் பொருந்தாது. இரவுதோறும் உரக்கக் குறட்டை விடும், மூச்சு நின்று நின்று வரும், வாயால் மூச்சு விடும் குழந்தையை டாக்டரிடம் காட்ட வேண்டும். உள்நாக்கருகே சதை வளர்ந்திருக்கலாம். கால்களை ஓயாமல் உதறிப் புரளும் குழந்தைக்கு இரும்புச் சத்துக் குறைவும் காரணமாகலாம். 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஒரு துளி இரத்தத்தில் இதைப் பார்த்துவிடலாம்.

இனித் தீபாவளிக்கு முந்திய வாரங்கள். சங்கத்தின் கொள்முதலுக்கு நாள் குறித்த பின் இரவில் தறியை நிறுத்துங்கள் என்று எந்த அங்கத்தினரிடமும் நாம் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டோம். ஆனால் தறி ஓசையில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே சீராக ஓடும் ஓசைக்குக் குழந்தை பழகிவிடும். அமைதியில் உறங்கிய குழந்தையைத் திடீரெனத் தொடங்கும் ஓசையே எழுப்புகிறது. ஆகையால் குழந்தை கண் மூடிய முதல் அரை மணி நேரத்தில் தார் சுற்றுவதையோ, பாவு இழைகளைப் பிணைப்பதையோ வைத்துக்கொண்டு, உறக்கம் ஆழ்ந்த பின் தறியில் ஏறலாம். அக்காலத்தில் 20 நிமிடம் 10 நிமிடமாகக் குறையலாம், கதை சுருங்கலாம். காலையில் எழும் நேரமும், அதே பாட்டும், அதே போர்வையும் மட்டும் மாறாமல் இருக்கட்டும்.

விவசாயிகள் வீட்டிலும் இதுவே. மடை மாற்றப் போகும் தகப்பனார் குழந்தை உறங்கும் வரை பக்கத்தில் படுத்திருந்துவிட்டு ஓசையின்றி நழுவுவதைப் பார்க்கிறோம். அரை விழிப்பில் கை நீட்டி அவரைக் காணாத குழந்தை மறுநாள் இரவு அவர் சட்டையைப் பிடித்தபடி விழித்தே கிடக்கும். 'இன்று 11 மணிக்குக் கரண்டு வரும். அப்பா தோட்டத்திற்குப் போய்விட்டு நீ எழுவதற்குள் வந்துவிடுவேன்' என்று விளக்கணைக்கும் முன்பே சொல்லிவிட்டால், முதல் இரண்டு நாள் அழுகை இருக்கலாம். மூன்றாம் நாள் நள்ளிரவில் விழித்துத் தேடும்போது, "அப்பா மோட்டார் போடப் போயிருக்காரு, படு சாமி" என்று பாட்டி சொல்வதைக் கேட்டுவிட்டு அது திரும்பிப் படுத்துக்கொள்கிறது.